என் உதவியாளரை நான் தேர்ந்தெடுக்கக் கூடாதா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டிசம்பர் 3, மாற்றுத்திறனாளிகள் நாளையொட்டித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், ‘பெற்ற தாய் இருக்கும்வரை இவர்களுக்கு வேறு துணை எதற்கு?’ என்றொரு வரி இருந்தது. அதை எனக்கு வாசித்துக் காட்டியவர் என் அம்மா. அவருக்கு வயது 71. இரண்டு முழங்காலிலும் தேய்மானம். வாசித்து முடித்ததும் தாளை மடித்து வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் என்னைப் புரட்டிப் படுக்க வைத்தார்.

எனக்குத் தசைச்சிதைவு நோய். வயது 38. கைவிரல்களும் குரலும் இன்னும் ஒத்துழைப்பதால், வீட்டிலிருந்தபடியே பிளஸ் டூ மாணவர்களுக்குக் கணக்குப்பதிவியல் கற்பிக்கிறேன். இரவில் சில மணி நேரத்துக்கு ஒருமுறை என்னை யாரேனும் புரட்டாவிட்டால் படுக்கைப்புண் வந்துவிடும். இருபது ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்வது அம்மாதான். அவர் அன்பு எனக்குத் தெரியும். அந்த அன்பைக் காட்டி, ஒரு முதியவரின் முதுகில் முழுப் பாரத்தையும் ஏற்றி வைப்பதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டத்தைத் தாங்கள் அறிவீர்கள். அதன் 24ஆம் பிரிவில், அதிக ஆதரவு தேவைப்படுவோருக்கான பராமரிப்பாளர் படித்தொகை சொல்லப்பட்டிருக்கிறது. அத்தகைய ஆதரவு தமக்கு வேண்டும் என்று கருதுபவர் தாமே விண்ணப்பிக்கலாம் என்கிறது 38ஆம் பிரிவு. இரண்டு ஆண்டுகளுக்கு முன் அதைப் பற்றிக் கேட்க, கருங்கல்லிலிருந்து நாகர்கோவில் வரை ஆட்டோவில் போனேன். ஓர் அலுவலகத்தின் நான்கு படிகளில் இரண்டு பேர் என்னை நாற்காலியோடு தூக்கி ஏற்றினார்கள். உள்ளே இருந்தவர் என்னிடம் ஒரு வார்த்தையும் கேட்காமல், ‘இவங்களுக்கு என்ன வேணும்?’ என்று அம்மாவிடம் கேட்டார். உதவித்தொகைதான் வருகிறதே என்று அனுப்பிவிட்டார். மாதம் 2,000 ரூபாய் வருகிறது, அதற்கு நன்றியுள்ளவள்தான். ஆனால் ஒரு ஏஜென்சி வழியாக ஹோம் நர்ஸ் ஒருவரை வீட்டோடு வைத்திருந்தபோது நான் கொடுத்தது மாதம் 21,000 ரூபாய்.

அந்த ஏஜென்சி ஐந்து மாதத்தில் நான்கு பேரை மாற்றி அனுப்பியது. ஒவ்வொரு முறையும் புதியவர் ஒருவர் முன் உடல் திறந்து கிடந்து, எந்தத் தோளைப் பிடித்தால் வலிக்கும் என்று முதலிலிருந்து சொல்லிக்கொடுக்க வேண்டியிருந்தது. எனக்கு ஒத்துப்போன ஒருவரை நேரடியாக வைத்துக்கொள்கிறேன் என்றேன். ஒப்பந்தம் இடம் தராது என்றார்கள். நான் கொடுத்த 21,000 ரூபாயில் அந்த நர்ஸ் கைக்குப் போனது 14,000 மட்டும்.

என் அக்கா மகள் மெல்பர்னில் செவிலியராக இருக்கிறாள். ஆஸ்திரேலியாவில் 2013இல் தொடங்கிய தேசிய மாற்றுத்திறன் காப்பீட்டுத் திட்டத்தில், தமக்கு ஒதுக்கப்பட்ட நிதியைத் தாமே நிர்வகிப்பவர், நிறுவனத்தின் வழியாக அல்லாமல், தனியாகத் தொழில் செய்யும் உதவியாளரிடம் நேரே பேசி அமர்த்திக்கொள்ளலாம் என்று அவள் விளக்கினாள். வேலை நேரத்தையும் ஊதியத்தையும் இருவரும் பேசி எழுதிக்கொள்கிறார்கள். உதவியாளர் பில் தருகிறார். நிதியிலிருந்து பணம் போகிறது. ஆளை விசாரிப்பதும் கணக்கு வைப்பதும் அமர்த்துபவரின் பொறுப்பு. கணக்கு வைக்க எனக்குத் தெரியும். அங்கே குடும்பத்தாருக்கு அந்த நிதியிலிருந்து ஊதியம் தருவது விதிவிலக்கு மட்டுமே என்பதையும் கட்டுரையாளர் கவனிக்க வேண்டுகிறேன். தாய் தாயாக இருக்கலாம். வேலைக்கு வேறு ஆள் உண்டு.

எங்கள் பக்கத்து வீட்டு அக்கா அண்டியாபீஸ் (முந்திரி ஆலை) வேலையை விட்டவர். என்னைத் தூக்கவும் புரட்டவும் நானே அவருக்குக் கற்றுக்கொடுத்தேன். இரவில் வந்து தங்கத் தயாராக இருக்கிறார். அவருக்கு மரியாதையான சம்பளம் கொடுக்க என்னிடம் வழியில்லை. அவர் இலவசமாகச் செய்ய வேண்டும் என்று கேட்க எனக்கு மனமும் இல்லை.

38ஆம் பிரிவின்படியான விண்ணப்பத்தைக் கன்னியாகுமரி மாவட்டத்தில் எந்த அலுவலர், எந்தப் படிவத்தில் பெற்றுக்கொள்கிறார் என்பதை விசாரித்துத் தங்கள் மாவட்டப் பக்கத்தில் வெளியிட வேண்டுகிறேன். அந்த அலுவலகத்தில் சாய்தளம் இருக்கிறதா என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கருங்கல் அருகே, கன்னியாகுமரி மாவட்டம்.