சத்னாம் சிங் யாரை ஏமாற்றினார்?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன வாரம் தங்கள் நாளிதழின் வாசகர் கடிதங்கள் பகுதியில், கூடைப்பந்து வீரர் சத்னாம் சிங் பமாராவைப் பற்றி ஒரு அன்பர் எழுதியிருந்தார். ஏழடி உயரத்தோடு, அமெரிக்காவின் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏ வாசல் வரை போனவர், ஒரு ஆட்டம்கூட ஆடாமல் திரும்பி, கடைசியில் மல்யுத்த மேடையில் நிற்கிறார், நாட்டுக்கே ஏமாற்றம் என்பது அவர் எழுதியதன் சாரம். கிருஷ்ணகிரி மாவட்டத்து அரசுப் பள்ளிகளில் உடற்கல்வி ஆசிரியையாக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். பிள்ளைகளுக்குக் கூடைப்பந்து சொல்லிக்கொடுத்தே தொண்டை கட்டிப்போனவள். அந்தக் கடிதத்தைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

2015 ஜூன் 25 அன்று நியூயார்க்கின் புரூக்ளினில் நடந்த என்பிஏ டிராஃப்ட்டில், அதாவது அணிகள் முறை போட்டுப் புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் நிகழ்ச்சியில், டல்லாஸ் மேவரிக்ஸ் அணி சத்னாமை 52வது ஆளாக எடுத்தது. இந்தியாவில் பிறந்து வளர்ந்த ஒருவரை என்பிஏ அணி தேர்ந்தெடுத்தது அதுதான் முதல் தடவை. ஊரே கொண்டாடியது. ஆனால் மொத்தம் 60 பேரை எடுக்கிற இடத்தில் 52வது என்றால் என்ன அர்த்தம் என்று அன்றைக்கு யாரும் நின்று விளக்கவில்லை. முதல் சுற்றில் வருகிற 30 பேருக்குத்தான் சம்பள ஒப்பந்தம் உறுதி. இரண்டாம் சுற்றுக்காரர்களுக்கு அந்த உறுதி கிடையாது. அவர்களில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் போனவர்கள் நிறையப் பேர் உண்டு.

நிகோலா யோகிச் 41வது ஆளாக வந்தவர்தானே, ஐசையா தாமஸ் கடைசி ஆளாக 60வது இடத்தில் வந்தவர்தானே, அவர்கள் என்பிஏவில் நட்சத்திரமாகவில்லையா என்று யாராவது கேட்கலாம். நியாயமான கேள்விதான். யோகிச் அதற்கு முன்பே செர்பியாவில் தொழில்முறை அணியில் ஆடிக்கொண்டிருந்தார். தாமஸ் வாஷிங்டன் பல்கலைக்கழகத்துக்கு மூன்று சீசன் ஆடியவர். சத்னாமுக்கு அப்போது 19 வயது. கல்லூரி ஆட்டமும் ஆடவில்லை, தொழில்முறை லீக்கும் ஆடவில்லை. நேராகப் பள்ளிக்கூடத்து அணியிலிருந்து போனவர்.

அந்தப் பள்ளிக்கூடத்துக்கும் அவர் எங்கிருந்து போனார் என்று பாருங்கள். பஞ்சாபில் பர்னாலா மாவட்டத்தில் பல்லோ கே என்ற கிராமம். அப்பா பல்பீர் சிங் விவசாயி, அவரும் ஏழடிக்காரர். அவருக்கே கூடைப்பந்து ஆடும் ஆசை இருந்து, வீட்டில் விடாததால் நிலத்தோடு நின்றுபோனது. மகனை அப்படி விட்டுவிடக் கூடாது என்று லூதியானா அகாடமியில் கொண்டுபோய்ச் சேர்த்தார். சுப்பிரமணியன் என்ற பயிற்சியாளரின் கையில் வளர்ந்த பையன், 2010இல், 14 வயதில், உதவித்தொகையோடு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள ஐஎம்ஜி அகாடமி என்ற விளையாட்டுப் பள்ளிக்குப் போனான். ஆங்கிலத்தில் ஒரு வாக்கியம் பேசத் தெரியாது.

இதைப் படிக்கிறவர்கள் சாதாரணமாகக் கடந்துபோகலாம். எனக்கு முடியாது. உயரமான பிள்ளைக்கு ஆட்டம் சொல்லிக்கொடுப்பது என்ன பாடு என்று எனக்குத் தெரியும். பர்கூர் பக்கம் ஒரு பள்ளியில் எட்டாம் வகுப்பிலேயே என்னைவிட இரண்டு கை உயரமாக ஒரு பையன் இருந்தான். ரீபவுண்டை, அதாவது கூடையில் விழாமல் திரும்பி வரும் பந்தை, எல்லோர் தலைக்கும் மேலே எம்பிப் பிடிப்பான். பிடித்த கையோடு பந்தை இடுப்புக்கு இறக்கிவிடுவான். குட்டையான பையன் ஒருவன் கீழேயிருந்து தட்டிக்கொண்டு ஓடிவிடுவான். "தாடைக்குக் கீழே இறக்காதடா, முழங்கையை விரி, விரிச்சுட்டுத் திரும்பு" என்று ஒரு சீசன் முழுக்கக் கத்தினேன். உயரமாக இருப்பவனுக்குக் குனிந்து ஆடுவதுதான் வராது. முட்டி மடங்காது, ஊன்றியே வைத்திருக்க வேண்டிய பிவட் காலைத் தூக்கிவிடுவான், விசில் ஊதுவார்கள். நான் சொன்னது அவன் தாய்மொழியில். அதற்கே அத்தனை நாள். சத்னாம் இதையெல்லாம் புரியாத பாஷையில், தெரியாத சாப்பாட்டோடு, ஐந்து வயதிலிருந்து பந்தைத் தட்டிப் பழகிய பிள்ளைகளுக்கு நடுவில் நின்று கற்றுக்கொண்டான்.

இன்னொன்றையும் அன்பர் கவனிக்கவில்லை. ஆட்டமே அந்த நேரத்தில் மாறிப்போனது. 2015 என்பிஏ இறுதிச் சுற்றில் கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் 1-2 என்று பின்தங்கியிருந்தபோது, நான்காவது ஆட்டத்தில் பயிற்சியாளர் ஸ்டீவ் கெர் கூடைக்கு அருகில் ஆடும் சென்டரான தன் ஏழடி வீரர் ஆண்ட்ரூ போகட்டை உட்கார வைத்துவிட்டு, அவரைவிட உயரம் குறைந்த இகுவோடாலாவை ஆரம்ப ஐவரில் இறக்கினார். எல்லோரும் ஓடுகிறவர்கள், எல்லோரும் வெளியிலிருந்து எறிகிறவர்கள். அதன்பின் மூன்று ஆட்டத்தையும் வென்று ஜூன் 16 அன்று கோப்பையைத் தூக்கினார்கள். ஒன்பது நாள் கழித்துத்தான் சத்னாமை எடுக்கிறார்கள். கூடைக்கு அடியில் முதுகைக் கொடுத்து நின்று போடுகிற பழைய பாணி சென்டருக்கு இடம் சுருங்கத் தொடங்கிய நேரத்தில், 7 அடி 2 அங்குலத்தோடு உள்ளே போனவர் அவர். அந்த உயரத்தை மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியே இழுத்துப் போய், பந்தை நடத்திப்போகும் வேகமான கார்டுகளைத் துரத்தவிட்டால் யாராக இருந்தாலும் திணறத்தான் செய்வார்கள்.

டல்லாஸின் துணை அணியான டெக்சஸ் லெஜண்ட்ஸில் இரண்டு சீசன் இருந்தார். அதிகம் ஆட வாய்ப்பு வரவில்லை. அப்புறம் என்ன செய்வது? இங்கேதான் எனக்கு மனது கொதிக்கிறது. சீனாவின் யாவ் மிங்கை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பா, அம்மா இருவருமே கூடைப்பந்து வீரர்கள், அம்மா தேசிய அணிக்குத் தலைவி. 1995இல் தொடங்கிய சீன லீக்கில் ஷாங்காய் அணிக்கு ஐந்து சீசன் ஆடி, கோப்பையை வென்ற பிறகுதான் 2002 என்பிஏ டிராஃப்ட்டில் முதல் ஆளாக ஹூஸ்டன் அணிக்குப் போனார். நம் நாட்டில் சத்னாம் திரும்பி வந்து ஆட லீக் எங்கே இருந்தது? 2015இல் தொடங்கிய யுபிஏ லீக் 2017க்குப் பிறகு நின்றுபோனது. அவர் கனடாவுக்குப் போய் செயின்ட் ஜான்ஸ் அணியில் ஆட வேண்டியிருந்தது.

நம் ஊரில் கூடைப்பந்து ஆடும் பிள்ளைக்கு வழி என்று இருப்பது விளையாட்டு ஒதுக்கீட்டு வேலைதான். ரயில்வே, ஐசிஎஃப், ஐஓபி, போலீஸ். அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன், எத்தனையோ குடும்பங்களுக்கு அடுப்பு எரிகிறது. சென்னையின் அனிதா பால்துரை ரயில்வேயில் வேலை பார்த்தபடியே இந்திய அணிக்கு 18 ஆண்டு ஆடி 2021இல் பத்மஸ்ரீ வாங்கினார். அவரும் அமெரிக்காவில் ஆடவில்லை. அவரை யாராவது ஏமாற்றம் என்பார்களா? ஆனால் வேலை வேறு, வாரம் இரண்டு மூன்று கடுமையான ஆட்டம் ஆடி வளர்கிற லீக் வேறு. அந்த இரண்டாவது அப்போது நம்மிடம் இல்லாததற்குச் சத்னாமைக் குற்றம் சொல்வது அநியாயம்.

ஒரு விஷயத்தில் நான் அவர் பக்கம் நிற்க மாட்டேன். 2019 நவம்பரில் பெங்களூரு பயிற்சி முகாமில் எடுத்த ஊக்கமருந்துச் சோதனையில் அவர் தோற்றார். ஹைஜெனமின் என்ற தடைசெய்யப்பட்ட பொருள். குற்றச்சாட்டை மறுத்து விசாரணை கேட்டார், கடைசியில் இரண்டு ஆண்டு தடை வந்தது. அந்தப் பொருள் சில மூலிகைகளிலும் ஊட்டச்சத்துத் தூள்களிலும் இருக்கக்கூடியது. இருந்தாலும் உடம்புக்குள் என்ன போகிறது என்பதற்கு வீரர்தான் பொறுப்பு என்பது உலகம் முழுக்க உள்ள விதி. அவ்வளவு பெரிய அகாடமியில் வளர்ந்தவருக்கு அது தெரிந்திருக்க வேண்டும். 24, 25 வயது என்பது ஒரு சென்டருக்கு ஆட்டம் பழுக்கிற காலம். அது போய்விட்டது. இதை மட்டும் ஏமாற்றம் என்று அன்பர் எழுதியிருந்தால் நான் பேனாவைத் தொட்டிருக்க மாட்டேன்.

அதன்பிறகு 2021இல் அமெரிக்க மல்யுத்த நிறுவனமான ஏஇடபிள்யூவோடு ஒப்பந்தம் போட்டார். அதில் வெட்கப்பட எதுவும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. கடவுள் கொடுத்த உடம்பை வைத்து உழைத்துச் சம்பாதிக்கிறார்.

நான் சொன்ன பர்கூர்ப் பையன் மண்டலப் போட்டி வரை போனான். வீட்டு நிலைமை, அதற்கு மேல் முடியவில்லை. இப்போது ஓசூரில் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. "இவ்ளோ உயரம் இருந்தும் ஒண்ணும் பண்ணலையேப்பா" என்று கல்யாண வீட்டில் ஒருவர் அவனிடம் சொன்னதை என் காதால் கேட்டேன். அவன் பதில் சொல்லாமல் சிரித்தான். உயரம் அவன் யாரிடமும் வாங்கிய கடன் இல்லை, திருப்பிக் கட்டுவதற்கு. சத்னாமைப் பற்றிய கடிதத்தைப் படித்தபோது எனக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தக் கல்யாண வீட்டுப் பேச்சுதான்.

ஆசிரியர் அவர்களிடம் இரண்டு வேண்டுகோள். இனி வெளிநாட்டு அணிக்கு நம் பிள்ளை யாராவது போனால், "முதல் இந்தியர்" என்று ஒரு நாள் போட்டுவிட்டு விட்டுவிடாதீர்கள். எந்த அணி, என்ன ஒப்பந்தம், ஆட்டத்துக்கு எத்தனை நிமிடம் இறக்குகிறார்கள் என்று சீசன் முழுக்கப் போடுங்கள். இரண்டாவது, ஜிம்மில் விற்கும் தூள், மாத்திரைகளைப் பற்றி ஒரு மருத்துவரை வைத்து விளையாட்டுப் பக்கத்தில் விவரமாக எழுதச் சொல்லுங்கள். முதலமைச்சர் கோப்பைக்கும் குடியரசு தினப் போட்டிக்கும் தயாராகும் பதினாறு, பதினேழு வயதுப் பிள்ளைகள் அந்த டப்பாக்களைக் கையில் வைத்திருப்பதை நம் மாவட்ட மைதானத்திலேயே பார்க்கிறேன். லேபிளில் என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டால் அவர்களுக்கும் தெரியவில்லை, வாங்கிக் கொடுத்த பெற்றோருக்கும் தெரியவில்லை.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற உடற்கல்வி ஆசிரியை,
காவேரிப்பட்டணம், கிருஷ்ணகிரி மாவட்டம்.