மருந்துவாழ் மலை: ஏறாதவர்கள் கவனத்துக்கு

மக்களே, ஞாயிற்றுக்கிழமை நம் குழு கன்னியாகுமரி மாவட்டத்து மருந்துவாழ் மலை ஏறப் போகிறது; முட்டுவலியோடு யாரும் வீம்புக்கு மலையேற வேண்டாம். கீழேயே பார்க்க நிறைய உண்டு. காலை 6 மணிக்குத் தேரூர் குளக்கரை; வெயில் ஏறிவிட்டால் பறவை பார்க்கப் போவதே வீண். அப்புறம் சுசீந்திரம் தாணுமாலயன் கோயில். மதியம் நடை சாத்திவிடுவார்கள், அதனால் இசைத்தூண்களை முதலில் பார்த்துவிடலாம்.

சாமிதோப்பில், அய்யா வைகுண்டரின் தலைமைப்பதியில், ஆண்கள் சட்டையைக் கழற்றி, தலைப்பாகை கட்டித்தான் உள்ளே போக வேண்டும். ஆளுக்கொரு துண்டு எடுத்துக்கொள்ளுங்கள். பள்ளியறையில் (அங்கே கருவறை அதுதான்) சிலை கிடையாது, கண்ணாடிதான்.

சாயங்காலம் வட்டக்கோட்டை, திருவிதாங்கூர் மன்னர் மார்த்தாண்ட வர்மா காலத்தில் அவருடைய படைத்தளபதி டி லனாய் பலப்படுத்தியது. கருங்கல் மதில்மேல் நின்றால் ஒருபக்கம் கடல், மறுபக்கம் தென்னைகளுக்கு மேலே மலை. ஏறுகிறவர்களுக்கு இந்தக் காட்சி ஏது?

வேன் பிடிக்க வேண்டும், வெள்ளி இரவுக்குள் பெயர் சொல்லிவிடுங்கள்.