முசிறி தாலுகா என்று மட்டும் இருந்தால்

அன்புத் தோழிக்கு,

உன் கடிதமும் தாத்தாவின் பழைய பாஸ்போர்ட் நகலும் கிடைத்தன. அதில் ஊர்ப் பெயர் ஆங்கிலத்தில் இருக்கிறது, எந்த ஊரென்று பிடிபடவில்லை; முசிறி தாலுகா என்பது மட்டும்தான் தெளிவு. பிள்ளைகளின் பரீட்சை முடிந்ததும் பூர்வீக ஊரைத் தேடிப் போகிறாய் என்றதும் மனசு நிறைந்துவிட்டது. இங்கே எல்லோரும் சுகம்.

பட்டா, சிட்டா, வில்லங்கம் பார்க்கச் சொல்லி உனக்குப் பலர் யோசனை சொல்லியிருக்கிறார்கள். அதில் நேரத்தைச் செலவழிக்காதே. உங்கள் குடும்பத்தைப் போலச் சிலோன் தோட்டத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் நிலமில்லாதவர்கள். நிலமில்லாதவர் பெயர் நிலப் பதிவேட்டில் இருக்காது. ஆட்களையும் குலதெய்வத்தையும் வைத்துத்தான் தேட வேண்டும்.

முதலில் ஊர்ப் பெயர். ஆங்கிலத்தில் எழுதினால் ல, ள, ழ மூன்றும் ஒன்றாகிவிடும். ட எது, த எது என்றும் தெரியாது. அந்தப் பெயரை நாலைந்து விதமாக உரக்கச் சொல்லிப் பார். பழைய முசிறி தாலுகா பெரியது. இன்றைய துறையூர், தொட்டியம் தாலுகாக்கள் அதிலிருந்து பிரிந்தவை. அங்கேயும் தேடு. அரசு இணையப் பட்டியல்களில் பெரும்பாலும் வருவாய்க் கிராமத்தின் பெயர்தான் வரும், அதன் குக்கிராமம் வராமல் போகலாம். ஊர் அகப்படவில்லை என்றால் அது இல்லாமல் போய்விட்டதென்று நினைத்துவிடாதே.

அதற்கும் பிடி கிடைக்காவிட்டால், தோட்டத்துக்கு ஆள் சேர்த்துக் கூட்டிப்போன கங்காணியைப் பிடி. கங்காணிமார் பெரும்பாலும் தங்கள் ஊரிலும் சுற்றுவட்டத்திலும்தான் ஆள் சேர்த்தார்கள். ஒரே லயத்தில் (தோட்டத்து வரிசை வீடுகளில்) இருந்த குடும்பங்கள் பல, அடுத்தடுத்த ஊர்க்காரர்கள். உங்களோடு சிலோனிலிருந்து கப்பலில் திரும்பி வந்து கோத்தகிரியிலோ பந்தலூரிலோ குடியேறிய பழைய லயத்துக்காரர்களிடம் அவர்கள் ஊரையும் தலைக்கங்காணியின் ஊரையும் கேள். புதிதாகக் கூலியாட்கள் போவதை 1939இல் இந்திய அரசு தடுத்துவிட்டதால், முதலில் கடல் தாண்டியவர் அநேகமாக அதற்கு முந்திய தலைமுறை. தாத்தாவை விட்டுவிட்டு அவருடைய அப்பா பெயரைச் சொல்லி விசாரி. பேரனுக்குத் தாத்தா பெயர் வைப்பது நம் வழக்கம் என்பதால் ஒரே பெயரில் இருவர் வருவார்கள். ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் மனைவி பெயரை எழுதிக்கொள். காகிதத்தில் உள்ள வயதை நம்பாதே, பல இடங்களில் குத்துமதிப்புதான். ஜாதகத்தில் தமிழ் வருஷம் இருந்தால் அதுவே மேல். ஆனால் 60 வருஷத்துக்கு ஒருமுறை அதே பெயர் திரும்பும்: விரோதி வருஷம் என்றால் 1949 ஆகவும் இருக்கலாம், 1889 ஆகவும் இருக்கலாம்.

பயணத்துக்குத் திருச்சி வரை போகாதே. கூடலூரிலிருந்து அரசுப் பேருந்தில் ஊட்டி வழியாகக் கோவை. அங்கிருந்து ஈரோடு, கரூர் வழியாகத் திருச்சி போகும் ரயிலில் முன்பதிவில்லாச் சீட்டெடுத்துக் குளித்தலையில் இறங்கிவிடு. காவிரிப் பாலம் தாண்டினால் முசிறி. எல்லா விரைவு ரயிலும் குளித்தலையில் நிற்காது, சீட்டெடுக்கும்போதே கேட்டுக்கொள். முசிறியிலோ துறையூரிலோ தங்கினால் கிராமங்களுக்கு டவுன் பஸ் உண்டு. சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குச் சீட்டு இலவசம். கடைசி பஸ் நேரத்தைக் காலையிலேயே நடத்துநரிடம் கேட்டு வை.

ஊருக்குள் போனதும் முதல் வார்த்தை, "சொத்து கேட்டு வரலீங்க, சாமி கும்பிட வந்திருக்கோம்." இதைச் சொல்லாவிட்டால் தெரிந்தவர்களும் வாய் திறக்க மாட்டார்கள். நியாயமான பயம் அது. பிறகு குலதெய்வத்தின் பெயரையும் உங்கள் வகையறாப் பெயரையும் சொல். கோயில் வரி வசூலிப்பவரிடம் வரி கட்டும் குடும்பத் தலைவர்களின் பெயர் எழுதிய தலைக்கட்டு நோட்டு இருக்கும். பழைய நோட்டு எஞ்சியிருந்தால் பங்காளிகள் வரிசையாக வருவார்கள். மணி, குத்துவிளக்கு, படிக்கல் எல்லாவற்றிலும் "உபயம்" என்று எழுதியிருப்பதைப் படித்துப் பார். வெளியூர் போனவர் பெயர் அங்கே கிடைப்பதுண்டு. பாஸ்போர்ட்டையும் குடும்ப அட்டையையும் வீட்டிலேயே வைத்துவிட்டு நகல் மட்டும் கொண்டு போ.

பரீட்சை விடுமுறையில் போனால் பாதிப் பேர் வெளியூரில் இருப்பார்கள். முடிந்தால் மாசி மகா சிவராத்திரிக்குப் போ. அன்றைக்குப் பங்காளிகள் எங்கிருந்தாலும் குலதெய்வம் கும்பிட வருவார்கள். பஸ்ஸில் இடம் கிடைக்காது, ஆனால் நீ தேடும் கிழவிகள் ஒரே திண்ணையில் இருப்பார்கள்.

அப்பாயியிடம் குலதெய்வத்தின் பெயரை மட்டும் இன்றைக்கே கேட்டு எழுதி வைத்துவிடு. அவருக்கு வயது 90 என்று எழுதியிருக்கிறாய்.

அன்புடன்,
உன் பழைய தோழி