பதினாறில் விழும் அடி

யோக்யகார்த்தா,
வெள்ளி இரவு

அன்புள்ள நண்பா,

உன் இரண்டு கடிதங்களுக்கும் நான் பதில் போடவில்லை. தாராளமாகத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அம்மாவின் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. நான் நலம். மற்ற விசேஷங்கள் பிறகு. இன்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்குத் தூக்கம் வராது.

மாதக் கடைசி. மாலை 5 மணிக்குள் கணக்கை அனுப்பியாக வேண்டும். மதியம் 2 மணிக்குத் திடீரென்று எல்லோரையும் கீழே கூப்பிட்டார்கள். வெளிநாட்டு ஊழியர்களுக்குக் கமெலான் பயிற்சியாம், ஒன்றரை மணி நேரம். கமெலான் என்றால் இந்த ஜாவாக்காரர்களின் வெண்கல வாத்தியக் குழு. முன்கூட்டி ஒரு வார்த்தை சொன்னவர் இல்லை. பல்லைக் கடித்துக்கொண்டுதான் படியிறங்கினேன்.

பின்னால் ஒரு திறந்த மண்டபம். தரை நிறைய வெண்கலம். செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். கருவியைத் தாண்டக் கூடாது, சுற்றித்தான் போக வேண்டும் என்றார்கள். அப்போதே என் கோபம் பாதி இறங்கிவிட்டது. மிருதங்கத்தில் கால் பட்டதற்காக வாத்தியார் உன்னை ஒரு மாலை முழுக்கத் திண்ணையில் நிற்க வைத்தாரே!

சொல்லிக்கொடுத்தவர் எழுபதைத் தாண்டிய பெரியவர். எல்லோரும் 'பாக்' என்று கூப்பிடுகிறார்கள், நாம் ஐயா என்பது போல. முதலில் சாரோன், வெண்கலப் பட்டைகளை வரிசையாக அடுக்கிச் சுத்தியால் அடிக்கும் கருவி. வலக்கை அடுத்த பட்டையை அடிக்கும்போதே இடக்கை முந்தைய பட்டையைப் பிடித்து நாதத்தை அடக்க வேண்டும். ஸ்லென்ட்ரோ என்ற ஐந்து சுர வரிசை. காது தானாக நம் ஐந்து சுர மோகன ராகத்தைத் தேடுகிறது, பிடி கிடைக்கவில்லை. ஐந்து சுரங்களும் ஏறக்குறைய சம இடைவெளியில் நிற்கின்றன.

எனக்குத் தாளம் தெரியும் என்றேன். கெம்புலைக் கொடுத்துவிட்டார். சேகண்டி போலத் தொங்கும், நடுவில் குமிழ் இருக்கும். வாசித்தது லஞ்சரன் என்ற வகை, ஒரு சுற்றுக்கு 16 எண்ணிக்கை. எட்டு எண்ணிக்கை ஆதி தாளம் இரண்டு ஆவர்த்தனம், அவ்வளவுதானே என்று பெரிய தொங்குதட்டான கோங் விழுந்த இடத்தைச் சமமாக, அதாவது தாளம் தொடங்கும் முதல் அடியாக வைத்து ஒன்று, இரண்டு என்று எண்ணத் தொடங்கினேன். என் அடி ஒவ்வொன்றும் ஓர் எண்ணிக்கை முந்தியே விழுந்தது, உன் தனி ஆவர்த்தனம் போல. பெரியவர் நிறுத்தினார். கோங்கைக் காட்டி, "அது ஒன்று இல்லை, பதினாறு" என்றார். இவர்களுக்குக் கனமான அடி கடைசியில்தான். நாம் சமத்திலிருந்து புறப்படுகிறோம். இவர்கள் கோங்கை நோக்கி நடக்கிறார்கள். இத்தனை வருடப் பழக்கத்தைத் திருப்பிப் போட எனக்கு அரை மணி நேரம் பிடித்தது.

இன்னொன்று கேள். கெம்புல் 6, 10, 14-இல் விழும். அந்த ஒழுங்குப்படி 2-லும் விழ வேண்டும், ஆனால் அடிப்பதில்லை. அந்தக் காலி இடத்துக்கு 'வெலா' என்று பெயரே உண்டு. நான் அங்கேயும் அடித்தேன். பெரியவர் என் கையைப் பிடித்து நிறுத்தி, காதருகே விரலை வைத்துக் கேட்கச் சொன்னார். பெரிய கோங்கின் நாதம் இன்னும் மண்டபத்தில் சுற்றிக்கொண்டிருந்தது. அது பேசி முடிக்கட்டும் என்று விட்ட இடம்.

கையைப் பிடித்தாரே, அவர் கை நடுங்கியது.

வாத்தியாருக்கு வலக்கை நடுங்குகிறது, பாடம் எடுப்பதை நிறுத்திவிட்டார் என்று எழுதியிருந்தாய். அதைப் படித்த பிறகுதான் எனக்குப் பேனா ஓடவில்லை. அவர் இல்லாமல் நமக்கு ஏது தாளம்? இங்கே இந்தப் பெரியவர் அதே நடுக்கத்தோடு இருபது பேரை நடத்துகிறார். வாசிக்கவில்லை, எண்ணிக்கை சொல்கிறார். தப்பு விழுந்த இடம் அவருக்குத் தெரிகிறது. வாத்தியாரும் உட்கார்ந்த இடத்திலிருந்து சொல்லலாமே. சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் கிடைக்க மாட்டார்களா? நீ போய்ப் பேசு. நான் சொன்னதாகச் சொல்லாதே, கோபம் வரும். இந்தப் பதினாறு விஷயத்தை மட்டும் எடுத்து விடு. சமம் கடைசியில் வருகிறது என்றால் நிச்சயம் சண்டைக்கு வருவார், அது போதும்.

டிசம்பரில் மூன்று வாரம் விடுப்பு. அதற்குள் என் மிருதங்கத்துக்கு வார் பிடித்து வைக்கச் சொல். இடப்பக்கத் தொப்பித் தோலும் கிழிந்திருக்கும், பார்.

கணக்கு 7 மணிக்குத்தான் போனது. வாத்தியார் என்ன சொன்னார் என்று உடனே எழுது.

உன்,
பழைய பக்கத்துப் பாய்க்காரன்