மியூசிக் சாரின் இடதுகை விரல்கள்

பகுதிநேர ஆசிரியர்களின் கோப்பைக் கையில் வைத்திருக்கும் அதிகாரிகளுக்கு, காவேரிப்பட்டணம் பக்கத்திலிருந்து ஒரு மாணவியின் தாய் எழுதும் மடல். ஜூன் 2025.

ஐயா, அம்மா, வணக்கம்.

பள்ளி திறந்து முதல் வாரம். என் மகள் வீட்டுக்கு வந்து பையைக்கூட இறக்கவில்லை. "அம்மா, மியூசிக் சாரால வயலின் கம்பிய அழுத்தவே முடியல. விரல் நுனியெல்லாம் கருத்து தோல் உரிஞ்சு கெடக்கு" என்றாள்.

கேட்டதுமே எனக்குப் புரிந்துவிட்டது. நானும் மாங்காய் மண்டியில் வேலை செய்தவள்தான். காம்பை முறிக்கும்போது பீச்சியடிக்கும் பால் பட்ட இடம் முதலில் எரியும். மறுநாள் கருக்கும். பிறகு தோல் கழன்று வரும். மே மாதம் முழுக்க சார் மண்டியில் காய் தரம் பிரித்திருக்கிறார். பகுதிநேர ஆசிரியர் என்பதால் அந்த ஒரு மாதம் அவருக்குச் சம்பளம் கிடையாது என்பது உங்களுக்குத் தெரியும். அதே பள்ளியில் மற்ற ஆசிரியர்களுக்கு மே மாதச் சம்பளம் உண்டு என்பதும் தெரியும்.

வயலினில் சுரம் பிறப்பது இடதுகை விரல் நுனியில். கம்பியில் ஒரு நூலளவு தள்ளி வைத்தால் அபசுரம். பல வருடம் அழுத்தி அழுத்திக் காய்ப்பேறிய அந்தத் தோலைத்தான் அவர் மண்டியில் கூலிக்குக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

நான் கேட்பது இதுதான்: அவருக்கு மே மாதச் சம்பளம் கொடுங்கள். வாரம் முழுக்க அவரை எங்கள் பள்ளியில் இருக்க விடுங்கள்.

2012-ல் பகுதிநேர ஆசிரியர்களாக 16,549 பேரை எடுத்தது, மாதம் ஐயாயிரம் ரூபாயில் தொடங்கியது, இந்த 2025-ல் 12,500-ல் நிற்பது, அவர்களை நிரந்தரமாக்குவோம் என்ற 2021 திமுக தேர்தல் அறிக்கையின் 181-வது வாக்குறுதி, சென்னையில் அவர்கள் உட்கார்ந்த போராட்டங்கள் எல்லாம் உங்கள் கோப்பிலேயே இருக்கும். வாரத்துக்கு மூன்று அரைநாள் என்று எழுதிவைத்தீர்களே, அது ஒரு வாத்தியக் குழுவை என்ன செய்கிறது என்பது மட்டும் அதில் இருக்காது. அதைச் சொல்லத்தான் எழுதுகிறேன்.

எங்கள் பள்ளிக் குழுவில் இருபத்திரண்டு பிள்ளைகள். ஆறு வயலின், மூன்று புல்லாங்குழல், நான்கு மிருதங்கம், இரண்டு கீபோர்டு, மற்றவர்கள் பாட்டு. ஒருநாள் டிபன் டப்பா கொடுக்கப் போனபோது வேப்பமரத்தடியில் பயிற்சி நடந்துகொண்டிருந்தது. சுருதி சேர்க்கவே இருபது நிமிடம் போனது. ஒரு பெண்ணின் வயலினில் கம்பியை முடுக்கும் பிருடை வெயிலுக்குத் திரும்பத் திரும்ப வழுக்கியது. சார் அதில் சாக்பீஸ் தடவி முடுக்கிக் கொடுத்தார். பிறகு பெஞ்சு மேல் ஏறி நின்றார். வலதுகை தாளம் காட்டியது. இடதுகை உள்ளங்கை மெல்லத் தாழ்ந்தது. நான்கு மிருதங்கமும் அப்படியே அடங்க, குழல் மட்டும் மேலே வந்தது. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மணி அடித்துவிட்டது. அடுத்த பயிற்சி இரண்டு நாள் கழித்து. அதற்குள் எல்லாம் கலைந்துவிடும்.

தனியாக வாசிப்பதை வீட்டிலும் பழகலாம். சேர்ந்து வாசிப்பதை எங்கே பழகுவது? நடத்துகிறவர் எதிரில் நிற்க வேண்டும்.

சார் பிள்ளைகளுக்கு மெஹ்லி மேத்தாவின் கதையைச் சொல்வாராம். பெரும்பாலும் தானாகவே வயலின் கற்று, 1935-ல் பம்பாயில் சிம்பொனி இசைக்குழுவைத் தொடங்கியவர். ஐம்பது வயதுக்கு மேல் அமெரிக்கா போய், 1964 முதல் 33 வருடம் லாஸ் ஏஞ்சலிஸில் இளைஞர்களின் இசைக்குழுவை நடத்தினார். உலகம் அறிந்த ஜுபின் மேத்தா அவருடைய மகன். வெனிசுலா நாட்டு இசைக்கலைஞர் அப்ரேயுவைப் பற்றியும் சொல்வாராம். 1975-ல் ஒரு கார் கொட்டகையில் பதினோரு பிள்ளைகளோடு அவர் ஓர் இசைக்குழுவைத் தொடங்கினார். பிறகு அந்த நாட்டு அரசே செலவை ஏற்றது. ஏழை வீட்டுப் பிள்ளைகள் லட்சக்கணக்கில் வாத்தியம் பிடித்தார்கள். அங்கே படித்த டூடமெல் 2009-ல் லாஸ் ஏஞ்சலிஸ் பில்ஹார்மோனிக்கின் இசை இயக்குநர் ஆனார்.

எங்கள் சாரிடமும் இருபத்திரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள். அரசுதான் இன்னும் வரவில்லை.

2022 முதல் பள்ளிகளில் கலைத் திருவிழா நடத்துகிறீர்கள். நல்ல காரியம், மனதாரச் சொல்கிறேன். ஆனால் மேடையில் பிள்ளைகளுக்குக் கேடயம் கொடுக்கும்போது, அவர்களைத் தயார் செய்தவர் மே மாதம் என்ன சாப்பிட்டார் என்று ஒருவராவது கேட்டதுண்டா? பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது பாட்டு வகுப்பு. யாராவது லீவு போட்டால் அந்த வகுப்பைப் பார்த்துக்கொள்ள அனுப்புவது மியூசிக் சாரை. எங்கள் பிள்ளைகள் கூலி வேலைக்கும் கம்பெனி வேலைக்கும் மட்டுமே பிறந்தவர்களா? தனியார் பள்ளியில் பீஸ் கட்டினால் கிடைக்கிற வயலின் எங்கள் பிள்ளைக்கு ஏன் அரைநாள் மட்டும்?

கோபத்தில் அதிகம் பேசியிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களில் யாரும் எங்களுக்கு எதிரி இல்லை. தயவுசெய்து அந்தக் கோப்பை எடுத்துப் பாருங்கள். அவருக்கு மே மாதச் சம்பளம் கொடுங்கள். அவரை முழுநேர ஆசிரியராக்கி எங்கள் பிள்ளைகளோடு இருக்க விடுங்கள்.

இப்போது சார் வயலினைத் தொடுவதில்லை. வாயால் பாடிக் காட்டுகிறார், பிள்ளைகள் கேட்டு வாசிக்கிறார்கள். புதுத்தோல் வளர்ந்து காய்ப்பேற இன்னும் சில வாரங்கள் ஆகும். அடுத்த மே மாதத்துக்குப் பதினோரு மாதம் இருக்கிறது.

இப்படிக்கு,
இரண்டாம் வரிசையில் வயலின் வாசிக்கும் ஒரு பெண்ணின் அம்மா