லாச்சிக்குள் கொச்சிக்காய்

ஸ்காபரோ, கனடா

அன்புள்ள அக்காவுக்கு,

அப்பாவின் லாச்சி அலுமாரியை விறகுக்குக் கொடுக்கப் போவதாகப் போனில் சொன்னீர்கள். கொடுக்க வேண்டாம். இழுத்துத் திறக்கும் அந்த லாச்சிகளில் மண் நிரப்பிக் கீரையும் கொச்சிக்காயும் வளர்க்கலாம். போனில் சொன்னால் விளங்காது, அதுதான் எழுதுகிறேன்.

இங்கே குப்பை எடுக்கும் நாளுக்கு முதல்நாள் பின்னேரம் வீதியோரம் பார்க்க வேண்டும். கதிரை, மேசை, கட்டில் என்று நல்ல சாமான்களையே சனம் வெளியே வைத்துவிடும். வீட்டுக்குள் கொண்டுபோகத்தான் பயம், மூட்டைப்பூச்சி வந்துவிடும். தோட்டத்துக்கு வெறும் மரச்சாமான் என்றால் பரவாயில்லை. அப்படிக் கிடைத்த ஒரு பைன்மர அலுமாரிதான் இப்போது எங்கள் பின்வளவில் நிற்கிறது. கீழ் லாச்சியை நன்றாக வெளியே இழுத்து, மேலே போகப் போகக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்து விட்டிருக்கிறேன். முன்பக்கம் சரியாமல் இருக்க முதுகை வேலிக்கட்டையோடு சேர்த்துக் கட்டியாயிற்று. நவராத்திரிக்குக் கொலுப்படி தயார் என்று உங்கள் மச்சாள் சிரிக்கிறாள்.

லாச்சிகளின் அடியில் துளை போட வேண்டும், இல்லாவிட்டால் தண்ணீர் தேங்கி வேர் அழுகிவிடும். உள்ளே பொலித்தீன் விரித்து அதிலும் துளை. அடிப்பலகை மெல்லியதென்றால் ஈரமண்ணின் பாரம் தாங்காது, குறுக்கே சட்டம் அடிக்க வேண்டும். சிப்போட் சாமான் வேண்டவே வேண்டாம், நனைந்தால் ஊதி உதிர்ந்துவிடும். பழைய பெயின்ற் அடித்ததும் கூடாது. வீட்டுக்குள் அடிக்கும் பெயின்றில் ஈயத்துக்குக் கனடாவில் 1976இல்தான் வரம்பு வைத்தார்கள். அதற்கு முந்திய சாமானில் பூக்கன்று வைக்கலாம், கீரை வைக்கக் கூடாது. அப்பாவினுடையது வெறும் வார்னிஷ் போட்ட தேக்கு, அந்தப் பயம் இல்லை.

மண்ணோடு கலக்கத் தும்புச்சோற்றுக் கட்டி ஒன்று வாங்கினேன். வாளித் தண்ணீரில் போட்டால் பொங்கிக்கொண்டு வரும். உறையைத் திருப்பினால் ஸ்ரீலங்கா! நம்மூர்த் தேங்காய்த் தும்பை டொலர் கொடுத்து வாங்குகிறோம் என்று அத்தானிடம் சொல்லுங்கள்.

மேல் லாச்சியில் வெந்தயக்கீரையும் கொத்தமல்லியும். அவற்றுக்கு 15 சென்ரிமீற்றர் மண் போதும். கத்தரிக்கும் கொச்சிக்காய்க்கும் 30 வேண்டும், அவை ஆழமான கீழ் லாச்சியில். மே மாதக் கடைசிக்கு முன் கன்றை வெளியே வைத்தால் உறைபனியில் கருகிவிடும். அதுவரை எங்கள் ஜன்னலெல்லாம் கொச்சிக்காய்க் கன்றுதான். அப்புறம் அணில். முதுகில் மூன்று கோடு இல்லாத கறுத்த, பெரிய அணில். புதுமண்ணைக் கண்டால் கிண்டாமல் விடாது. கோழிவலைதான் மருந்து.

உங்களுக்கு உறைபனி இல்லை, கச்சான் காற்று இருக்கிறது. ஆடி, ஆவணியில் லாச்சி மண் ஒரே பகலில் காய்ந்துவிடும். ஆகவே கிணற்றடிப் பக்கம், வேம்பின் நிழல் பின்னேரம் விழும் இடத்தில் வையுங்கள். கால்களைக் கல்லில் ஏற்றுங்கள், கறையானுக்குத் தேக்கென்றும் பார்க்கத் தெரியாது. திருகோணமலைக் கோட்டைப் பக்கத்து மான்கள் படலை திறந்திருந்தால் உள்ளே வந்துவிடும் என்றீர்களே, அவற்றுக்கு அலுமாரி உயரமெல்லாம் ஒரு தடையா? வலை அடித்தே ஆக வேண்டும். புரட்டாசியில் விதைத்தால் மாரி மழைக்கு முன் கன்று நிமிர்ந்துவிடும்.

மருமகனை விட்டு லாச்சிகளின் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அளந்து வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லுங்கள். எங்கெங்கே துளை என்று படம் கீறி அனுப்புகிறேன்.

அன்புடன்,
தம்பி