செயலாளர் ஆண்டறிக்கை, 2024–25

பொதுக்குழு உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம்.

வடக்கு டாலஸ் புறநகரில் உள்ள நம் பள்ளி மாவட்டத்துத் தமிழ்ப் பெற்றோர் சங்கத்தின் ஆண்டறிக்கை இது. பொங்கல் விழா, ஹைஸ்கூல் பிள்ளைகளுக்கான கல்லூரி விண்ணப்ப வகுப்பு, பழைய புத்தகப் பரிமாற்றம் எல்லாம் வழக்கம்போல் நடந்தன. படங்கள் வாட்ஸ்அப் குழுவில் இருக்கின்றன, பார்த்துக்கொள்ளுங்கள். மற்றபடி இந்த ஆண்டு நம் உழைப்பு முழுவதும் ஒரே விஷயத்துக்குத்தான் போனது: டெக்சஸ் மாநிலம் பள்ளிகளுக்குத் தரும் பணம்.

டெக்சஸ் சட்டமன்றத்தின் வழக்கமான கூட்டத்தொடர் ஒற்றைப்படை ஆண்டுகளில் மட்டும், அதுவும் 140 நாட்கள்தான் நடக்கும்; ஆளுநர் அழைத்தால் இடையில் சிறப்புக் கூட்டமும் உண்டு. 2025 ஜனவரியில் கூடியது. அதை விட்டால் அடுத்த வழக்கமான கூட்டம் 2027-ல்தான். அக்கம்பக்கத்து நிலவரம் உங்களுக்கே தெரியும். பிளேனோ பள்ளி மாவட்டம் நான்கு பள்ளிகளை மூடுவதென்று 2024 ஜூனில் முடிவெடுத்தது. ரிச்சர்ட்சன், கொப்பெல், லூயிஸ்வில் மாவட்டங்களும் அதே ஆண்டில் பள்ளிகளை மூட ஓட்டுப் போட்டன. வீட்டு விலை ஏறி, இளம் குடும்பங்கள் இன்னும் வடக்கே போனதால் பிள்ளைகள் குறைந்தது ஒரு காரணம். மாநிலப் பணம் 2019-ல் நின்ற இடத்திலேயே நிற்பது இன்னொரு காரணம்.

ஒரு மாணவருக்கு இவ்வளவு என்று மாநிலம் நிர்ணயிக்கும் 'அடிப்படை ஒதுக்கீடு' 2019-லிருந்து இந்த 2025 கூட்டத்தொடர் வரை 6,160 டாலராகவே இருந்தது. முட்டை விலை, பஸ் டிரைவர் சம்பளம், இன்ஷூரன்ஸ் எல்லாம் எங்கோ போய்விட்டன. இந்த எண் மட்டும் அசையவில்லை. விலைவாசிக்கு ஈடுகட்டவே சுமார் 1,300 டாலர் கூட்ட வேண்டும் என்று கல்வி அமைப்புகள் சொல்லி வந்தன. 2023-ல் கொஞ்சம் கூட்ட வழி இருந்தது. ஆனால் அந்தப் பணத்தைத் தனியார் பள்ளி வவுச்சரோடு (அரசுப் பணத்தில் தனியார் பள்ளிச் செலவைக் கட்டும் திட்டம்) ஒரே மசோதாவில் முடிச்சுப் போட்டிருந்தார்கள். நவம்பரில் சிறப்புக் கூட்டத்தில் கீழவை 84–63 என்று வவுச்சரை வெட்டியது, மசோதாவே படுத்துவிட்டது. பள்ளிகளுக்குப் பைசா வரவில்லை.

சரி, நாம் என்ன செய்தோம்? முதலில் உட்கார்ந்து பாடம் படித்தோம். நம் மாவட்டத்தின் நிதி அலுவலர் அக்டோபரில் நூலக அரங்கில் இரண்டு மணி நேரம் பொறுமையாக விளக்கினார். அன்று பலருக்கும் புதிதாகத் தெரிந்தது ஒன்று: டெக்சஸில் பணம் பள்ளியில் சேர்ந்த பிள்ளைகளின் கணக்குப்படி வருவதில்லை, வகுப்புக்கு வந்த பிள்ளைகளின் சராசரிப்படி வருகிறது. நூறு பேர் படித்து, சராசரியாக 94 பேர் வந்தால் 94 பேருக்குத்தான் பணம். ஆனால் ஆசிரியர், ஏசி, பஸ் எல்லாம் நூறு பேருக்கும் வேண்டும். இதை மாற்றக் கேட்பது நம் கோரிக்கைகளில் ஒன்று.

இதைக் கேட்டதும் அரங்கத்தில் கொஞ்சம் அமைதி. ஏனென்றால் டிசம்பர் முதல் வாரத்திலேயே, டிக்கெட் மலிவு என்று பிள்ளைகளோடு சென்னைக்கு விமானம் ஏறுவது யார் என்று எல்லோருக்கும் தெரியும். தாத்தா பாட்டியைப் பார்க்கப் போக வேண்டாம் என்று செயற்குழு சொல்லவில்லை. விடுமுறை தொடங்கியபின் போனால் நன்றாயிருக்கும் என்று தீர்மானமாகவே போட்டோம். அது எந்த அளவு பலித்தது என்பதை உங்கள் மனசாட்சிக்கு விடுகிறேன்.

கோரிக்கைக் கடிதம் எழுதும்போதுதான் பெரிய சண்டை வந்தது. 'ராபின் ஹூட்' என்று ஊரே திட்டும் மீட்புத் தொகையை ரத்து செய்யச் சொல்ல வேண்டும் என்று பாதிப் பேர் பிடிவாதம். சொத்து மதிப்பு அதிகமுள்ள மாவட்டம் தன் வரிப் பணத்தில் ஒரு பகுதியை மாநிலத்துக்குத் திருப்பிக் கட்ட வேண்டும் என்பது 1993-லிருந்து உள்ள சட்டம். நம் வீட்டு வரி நம் பிள்ளைக்கு இல்லையா என்ற கோபம் புரிகிறது. ஆனால் அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்பதையும் பார்க்க வேண்டும். சான் ஆன்டோனியோவின் மேற்குப் பகுதியில் எட்ஜ்வுட் என்ற ஏழை மாவட்டம். 1968-ல் அங்கே மாணவர்கள், ஒழுகும் கட்டடமும் தகுதி பெறாத ஆசிரியர்களும் இனிப் பொறுக்க முடியாது என்று வகுப்பை விட்டு வெளியேறினார்கள். டெமெட்ரியோ ரோட்ரிகஸ் என்ற தகரத் தொழிலாளியும் வேறு சில பெற்றோரும் வழக்குப் போட்டார்கள். 1973-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் 5–4 என்று தோற்றார்கள். விடவில்லை. எட்ஜ்வுட் மாவட்டமும் மற்றவர்களும் மாநில நீதிமன்றத்துக்குப் போய், 1989-ல் டெக்சஸ் உச்ச நீதிமன்றத்தில் பள்ளி நிதி முறை செல்லாது என்று ஒருமனதான தீர்ப்பை வாங்கினார்கள். 1993 சட்டம் அதன் தொடர்ச்சிதான். அவர்களும் நம்மைப் போலப் பெற்றோர்தான், நம் அளவுக்கு வசதி இல்லாதவர்கள்.

கடைசியில் நடுவழி ஒன்று கிடைத்தது. வசதியான மாவட்டம் கொடுக்கும் பணம் ஏழைப் பள்ளிகளுக்குக் கூடுதலாகப் போவதில்லை. மாநிலம் தன் கஜானாவிலிருந்து போட வேண்டிய பங்கு அந்த அளவுக்குக் குறைகிறது. ஆகவே ரத்து செய்யுங்கள் என்று கேட்காமல், மீட்புத் தொகை மாநிலப் பங்குக்கு மேல் கூடுதலாகப் போகட்டும் என்று எழுதினோம். இரு தரப்புக்கும் முழுத் திருப்தி இல்லை. எனக்குத் தெரிந்தவரை அதுதான் நியாயமான கடிதம்.

மார்ச் மாதம் சட்டமன்றக் குழுவின் முன் சாட்சி சொல்லத் தலைநகர் ஆஸ்டினுக்குப் போனோம். போகுமுன் ஒரு கேள்வி திரும்பத் திரும்ப வந்தது: நம்மில் பாதிப் பேர் எச்1பி, கிரீன் கார்டு வரிசையில் நிற்பவர்கள், ஓட்டில்லாதவன் பேச்சை யார் கேட்பார்கள்? சட்டமன்றக் கட்டடமான கேபிடலில் சாட்சி சொல்லப் பதிவு செய்யும் திரையில் பெயர், யார் சார்பில் வருகிறீர்கள், மசோதாவுக்கு ஆதரவா எதிர்ப்பா என்று கேட்கிறார்கள். குடியுரிமை கேட்கும் கட்டம் இல்லை. சொத்து வரி கட்டும்போதும் யாரும் அதைக் கேட்பதில்லையே. கட்சி அரசியல் மட்டும் கூடாது. நம் சங்கம் வரிவிலக்குப் பெற்றது, வேட்பாளரை ஆதரித்தால் அது போய்விடும்.

ஆளுக்கு இரண்டு நிமிடம். அதற்காகப் பிற்பகல் முழுக்கக் காத்திருந்தோம். டப்பாவில் கொண்டுபோன எலுமிச்சை சாதம் தாழ்வாரத்திலேயே தீர்ந்தது. நம் ஆட்களில் நன்றாகப் பேசியவர் ஸ்பெஷல் எட் (சிறப்புக் கல்வி) வகுப்பில் படிக்கும் சிறுவனின் அம்மா. எழுதிக்கொண்டு போன காகிதத்தை அவர் பார்க்கவே இல்லை. "என் மகன் எந்த அறையில் உட்காருகிறான் என்று பார்த்துப் பணம் தருகிறீர்கள். அவனுக்குப் பேச்சுப் பயிற்சி தர ஆள் இருக்கிறாரா என்று பார்ப்பதில்லை" என்றார். ஒரு சட்டமன்ற உறுப்பினர் நிமிர்ந்து பார்த்துக் குறிப்பு எடுத்துக்கொண்டார். சிறப்புக் கல்விக்கான நிதி உண்மையிலேயே பிள்ளையின் தேவையின் அளவைப் பார்க்கும் முறைக்கு 2026–27 முதல் மாறப் போகிறது. அந்த யோசனை பல ஆண்டுகளாக இருந்ததுதான். நம்மால் வந்தது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் அன்று சொன்னது பதிவில் இருக்கிறது.

முடிவு என்ன ஆனது? ஏப்ரலில் கீழவை நிறைவேற்றிய மசோதாவில் அடிப்படை ஒதுக்கீடு 395 டாலர் உயர்ந்தது. நம் குழுவில் இனிப்புப் படங்கள் பறந்தன. மேலவைக்குப் போய் வந்தபோது அது 55 டாலர். ஜூன் தொடக்கத்தில் ஆளுநர் கையெழுத்திட்டார். இப்போது ஒதுக்கீடு 6,215. 600 பிள்ளைகள் தினமும் வரும் எலிமென்டரிக்கு இது 33,000 டாலர், ஏறக்குறைய ஒரு ஆசிரியரின் பாதிச் சம்பளம்.

மொத்தத் தொகை சுமார் 8.5 பில்லியன் டாலர் என்று செய்தியில் பார்த்துவிட்டு, "நிறைய வந்திருக்கிறதே, ஏன் குறை சொல்கிறீர்கள்?" என்று சிலர் கேட்டார்கள். வந்திருக்கிறது, மறுக்கவில்லை. ஆனால் பெரும்பகுதி பெயர் எழுதி வந்த பணம். நம்மைப் போன்ற பெரிய மாவட்டத்தில் ஐந்தாண்டோ அதற்கு மேலோ அனுபவமுள்ள ஆசிரியருக்கு 5,000 டாலர் உயர்வு, மூன்று நான்கு ஆண்டு ஆனவருக்கு 2,500. 5,000 மாணவர்களுக்கு மேற்படாத மாவட்டங்களில் அது 8,000, 4,000. ஆசிரியருக்கு இது வேண்டியதுதான், பாராட்டுகிறோம். ஆனால் போன மாதம் சேர்ந்த ஆசிரியருக்கு அதில் பங்கில்லை. மூடப்போகும் பள்ளியைத் திறந்து வைக்கவும் அதைத் தொட முடியாது. எங்கே ஓட்டை இருக்கிறதோ அங்கே போடும் உரிமையோடு வரும் பணம் பெரும்பாலும் அந்த 55 டாலர்தான். வருகைக் கணக்கும் மாறவில்லை.

வவுச்சர் சட்டமும் இம்முறை நிறைவேறிவிட்டது: ஒரு பில்லியன் டாலர், 2026–27-லிருந்து, தனியார் பள்ளிக்குப் போகும் பிள்ளைக்குச் சுமார் 10,000 டாலர். நம் உறுப்பினர்களில் சிலர் விண்ணப்பிப்பதாக இருக்கிறார்கள். அது அவரவர் குடும்ப முடிவு; அதற்காகச் சங்கத்தில் யாரும் யாரையும் முறைக்க வேண்டாம். அந்தச் சட்டத்தைச் சங்கம் எதிர்த்தது, அந்த நிலை மாறவில்லை.

வருகிற ஆண்டுக்கு இரண்டு வேலை. 2025 நவம்பர் 4-ல், பள்ளி வரி போடும்போது சொந்த வீட்டு மதிப்பில் கழிக்கும் விலக்கை 1,00,000-லிருந்து 1,40,000 டாலராக உயர்த்தும் வாக்கெடுப்பு வருகிறது. பள்ளிகள் இழப்பதை மாநிலம் ஈடு செய்யும் என்கிறார்கள், செய்யும்தான். ஆனால் அப்படி வரும் மாநிலப் பணம் வகுப்பறைக்குப் புதிதாக ஒன்றும் தராது. ஓட்டுள்ளவர்கள் இதை அறிந்து ஓட்டுப் போடுங்கள், எப்படிப் போடுவது என்பது உங்கள் விருப்பம். அப்புறம், 2026-ல், கூட்டத்தொடர்களுக்கு நடுவே சட்டமன்றக் குழுக்கள் வைக்கும் இடைக்கால விசாரணைகள் நடக்கும். அடுத்த வழக்கமான கூட்டத்தொடர் 2027 ஜனவரி 12. வருகைக் கணக்குக் கோரிக்கையை இப்போதே எழுத ஒரு சிறு குழு வேண்டும். எக்செல் தெரிந்தவர்கள், ஆஸ்டின் வரை வண்டி ஓட்டத் தயங்காதவர்கள் கூட்டம் முடிந்ததும் என்னிடம் பெயர் கொடுங்கள்.

வரவு செலவைப் பொருளாளர் தனியாக வைப்பார். சந்தா பாக்கி உள்ளவர்கள் அவர் எழுந்திருக்கும் முன்பே கட்டிவிட்டால் அவருக்கும் நிம்மதி, உங்களுக்கும் நிம்மதி.

இப்படிக்கு,
செயலாளர்
ஆகஸ்ட் 2025